சக்கர வியூகத்துக்கு முன்னால்: பயிற்சி முடியாத தொண்டர் வீரருக்கு ஒரு பாடம்



இந்த முறை நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி சின்னதுதான். ஆனால் நம்மில் பலருக்கு அது தினசரிக் கேள்வி. ஒரு பொறுப்பில் சேர்ந்தாச்சு. பேர் பதிஞ்சாச்சு. சீருடையும் கையில் வந்தாச்சு. ஆனால் அந்தப் பொறுப்புக்குரிய தொழிலை இன்னும் முழுசாகக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் நாம் யார்? எதைச் செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?

நான் இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவி. பல்கலைக்கழகத்தில் பலாபேஸ் என்று நாம் சொல்லும் சேமப்படை அதிகாரிகள் பயிற்சிப் பிரிவில் இது எனக்கு இரண்டாவது வருடம். வீடு மம்பாவில். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் பழைய சாலையில் போனால் வருமே, அந்த ஊர்தான். தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய தோட்டம் இப்போது பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எங்கள் சொந்தத்தில் ராணுவச் சீருடை போட்டவர் யாரும் இல்லை. அதனால் எனக்கு வந்த கேள்விகளுக்கு வீட்டில் பதில் சொல்ல ஆள் கிடையாது. தேடிப் படித்ததையும் பயிற்சியில் கண்டதையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறேன். ராணுவத்தில் சேராதவர்களுக்கும் இது பொருந்தும் என்பது கடைசியில் புரியும்.

1. சேமப்படை என்பது என்ன?

முழுநேர ராணுவம் ஒரு நாட்டுக்கு எப்போதும் இருக்கும். ஆனால் போர், வெள்ளம், பெரிய விபத்து என்று வந்தால் அந்தக் கை மட்டும் போதாது. அப்போது அழைக்கப்படுவதற்காக, சாதாரண நாட்களில் வேலைக்கோ படிப்புக்கோ போய்க்கொண்டு, ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுப்பவர்கள்தான் சேமப்படையினர். நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது அஸ்கார் வத்தானியா. சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் வந்த சட்டத்தின் வழி அமைந்த தொண்டர் படையிலிருந்து வளர்ந்தது அது. இன்று 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டத்துக்குக் கீழே இயங்குகிறது. பலாபேஸின் தரைப்படைப் பிரிவு மாணவர்கள் 3 ஆண்டுப் பயிற்சியை முடித்தால், மாமன்னரின் ஆணை பெற்று லெப்டினன் மூடா, அதாவது இரண்டாம் லெப்டினன்ட் நிலையில் இதே வத்தானியாவில்தான் அதிகாரியாகச் சேர்கிறார்கள்.

இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு படை உண்டு. பிரதேச ராணுவம் என்று பேர். 1949 அக்டோபர் 9ஆம் தேதி அதைத் தொடக்கி வைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம் சேலத்து ராஜாஜி. கோயம்புத்தூரில் அதன் 110ஆவது பட்டாலியன் இருக்கிறது. ரயில்வே போன்ற துறைகளில் வேலை செய்பவர்களைக் கொண்டே அமைந்த பிரிவுகளும் உண்டு. அந்தப் படையில் சேர ஒரு முக்கியமான நிபந்தனை, உங்களுக்கு வெளியே ஒரு தொழில் இருக்க வேண்டும் என்பதே. வயிற்றுப் பிழைப்புக்கு ஒரு கை, நாட்டுக்கு ஒரு கை என்பதுதான் அதன் அடிப்படை.

2. மூன்று படிகள்

எந்த நாட்டு ராணுவத்தைப் பார்த்தாலும் புதியவர் ஏற வேண்டிய படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி சேர்வது. விண்ணப்பம், உடல் பரிசோதனை, நேர்காணல், உறுதிமொழி.

இரண்டாம் படி அடிப்படைப் பயிற்சி. அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வது, வரைபடம் பார்ப்பது, முதலுதவி, காட்டில் தங்குவது, கட்டளைக்குக் கீழ்ப்படிவது. சமையல்காரராகப் போகிறவரும் சரி, மருத்துவ உதவியாளராகப் போகிறவரும் சரி, எல்லாருக்கும் இது பொது.

மூன்றாம் படி தொழிற்பயிற்சி. மலாயில் கெத்துக்காங்கான் என்கிறார்கள். வண்டி பழுது பார்ப்பவர், பாலம் கட்டுபவர், ரேடியோ இயக்குபவர், மருத்துவ உதவியாளர் என்று ஒவ்வொருவரும் தன் கோருக்குரிய வேலையைப் படிப்பது இங்கேதான். பொறியியல் படிக்கிறவர்கள் கண் வைக்கும் ரெஜிமென் அஸ்கார் ஜுருத்தெரா டிராஜாவும், வண்டிகளையும் மின் சாதனங்களையும் பார்த்துக்கொள்ளும் கோர் ஜுருத்தெரா லெத்ரிக் டான் ஜெந்தெரா டிராஜாவும் இந்தப் படியில்தான் வருகின்றன.

சிங்கப்பூரில் 2 வருட தேசிய சேவைக்குப் போகும் பையன்களைக் கேட்டால் இதையே சொல்வார்கள். முதலில் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி, அப்புறம்தான் ஆளுக்கொரு தொழில் பிரிவு. பிரிட்டனின் சேமப்படையிலும் முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்றே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பிரச்சினை இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவில்தான் இருக்கிறது. முழுநேர வீரர் ஒரு படி முடிந்தால் அடுத்த படிக்கு நேரே போய்விடுவார். சேமப்படைக்காரருக்கு அப்படி இல்லை. பரீட்சை வரும், வேலையில் விடுப்பு கிடைக்காது, பாடத்தில் இடம் இருக்காது. வார இறுதி, வருடாந்திர முகாம் என்று துண்டு துண்டாகத்தான் பயிற்சி நகரும். முழுநேரக்காரர் மாதக்கணக்கில் தாண்டும் தூரத்தைத் தாண்ட நமக்கு வருடங்கள் ஆகும். அதுவரைக்கும் சீருடை உண்டு, தொழில் இல்லை. பாதி வெந்த சோறு மாதிரி ஒரு நிலை.

3. மாமா சொன்ன வித்தியாசம்

என் தாய்மாமா ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேன். மின் இணைப்பைத் திறக்கவும் மூடவும் பொறுப்பானவர். அந்த வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். எத்தனை வோல்ட் வரை கை வைக்கலாம் என்பதுகூட அதில் குறித்திருக்கும். ஒரு விடுமுறையில் நான் பெருமையாக, “மாமா, இந்த போர்டு எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குக் கணக்கே போட்டுக் காட்டத் தெரியும்,” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தெரியுமில்ல? நல்லது பாப்பா. ஆனா தெரியிறது வேற, இதைத் தொடலாம்னு உனக்குக் குடுத்திருக்கிறது வேற. ரெண்டும் சேர்ந்தாத்தான் கையை வைக்கணும்.”

இந்தப் பாடத்தின் முதுகெலும்பு அந்த ஒரு வாக்கியம்தான். அறிவு ஒன்று, அதிகாரம் ஒன்று. நான் பட்டம் வாங்கினாலும் உடனே ஒரு கட்டடத்தின் வரைபடத்தில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட முடியாது. 1967ஆம் ஆண்டின் பொறியியலாளர் பதிவுச் சட்டப்படி முதலில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய வேண்டும். குறைந்தது 3 ஆண்டு அனுபவம் வேண்டும். மதிப்பீட்டில் தேற வேண்டும். அப்புறம்தான் நிபுணத்துவப் பொறியியலாளர். கையெழுத்துப் போடுகிறவர் அத்தனை படியும் ஏறியவர் என்ற நம்பிக்கையில்தான் நாம் பாலத்தில் பயமில்லாமல் வண்டி ஓட்டுகிறோம்.

4. படியைத் தாண்டினால் என்ன ஆகும்?

“சட்டம் எல்லாம் சரி, அவசரம் வந்தா யாரு பார்ப்பா?” என்று கேட்கலாம். நம் பக்கத்திலேயே நடந்த வரலாறு பதில் சொல்லும்.

1942 ஜனவரி. ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறது. மூவார் ஆற்றைக் காக்க பிரிட்டிஷ் தளபதிகள் நிறுத்தியது 45ஆவது இந்தியப் பிரிகேட். ராஜபுதனம், கடுவால், ஜாட் பகுதிப் பையன்கள். நம்மைப் போன்ற வயசு. பலர் நம்மைவிடவும் சின்னவர்கள். மத்தியக் கிழக்குக்குப் போவதாக இருந்த பிரிகேட் அது. திட்டம் மாறி, ஜனவரி தொடக்கத்தில்தான் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்கள். காட்டில் சண்டை போடப் பயிற்சி கிடையாது. இந்த நாட்டு மண்ணைப் பார்த்தே சில நாள்தான். எதிரே வந்ததோ ஜப்பானின் பேரரசுக் காவல் டிவிஷன். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்தப் பிரிகேட் சிதைந்துபோனது. அதன் தளபதி பிரிகேடியர் டங்கனும் உயிரிழந்தார். மலாயாவின் பிரிட்டிஷ் தலைமைத் தளபதி பெர்சிவலே பிறகு எழுதும்போது, அந்தப் பிரிகேட் போருக்கு அனுப்பும் நிலையில் இருக்கவில்லை என்றும், ஆட்களிடம் குறையில்லை, பக்குவம்தான் வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

அதே நாட்களில், ஜனவரி 14ஆம் தேதி, நம் நெகிரி செம்பிலானின் கெமெஞ்சே பாலத்தில் வேறொன்று நடந்தது. ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாலியன் பாலத்தில் வெடி வைத்துவிட்டு மறைந்திருந்து, ஜப்பானிய முன்னணியைப் பாலத்தில் வைத்தே தாக்கியது. அவர்களும் அதுவரை போர் பார்க்காதவர்கள்தான். ஆனால் 1941 ஆகஸ்டிலேயே மலாயாவுக்கு வந்து, இந்தக் காட்டிலேயே மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள்.

இன்னொன்று நம் போர்ட்டிக்சன். 1933 மார்ச் 1ஆம் தேதி, வெறும் 25 பேரோடு ஒரு பரிசோதனைக் கம்பெனியாக மலாய் ரெஜிமென்ட் அங்கேதான் தொடங்கியது. அவசரப்படாமல் படிப்படியாக வளர்த்தார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மேட்டில் லெப்டினன் அட்னானும் அவருடைய ஆட்களும் நின்ற நிலையை இன்றும் பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோம்.

தைரியத்தில் மூவாரில் நின்ற பையன் எவனுக்கும் குறைந்தவன் இல்லை. அவனுக்குக் கொடுக்கப்படாமல் போனது காலம். அவன் உயிரோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. இதை மறந்துவிட்டு, “பயிற்சி எல்லாம் சும்மா இழுத்தடிக்கிறாங்க” என்று நாம் சொல்லக்கூடாது.

5. அபிமன்யுவின் பாடம்

இதையே மகாபாரதம் நமக்கு எப்போதோ சொல்லி வைத்திருக்கிறது. துரோண பருவத்தில் சக்கர வியூகத்தை உடைக்க ஆள் இல்லாதபோது தருமர் அபிமன்யுவைக் கேட்கிறார். அவன் மறைக்கவில்லை. உள்ளே போக அப்பா கற்றுக் கொடுத்திருக்கிறார், வெளியே வரத் தெரியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறான். நீ வழியைத் திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று பெரியவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். ஜயத்ரதன் அவர்களைத் தடுத்துவிட்டான். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும்.

நாம் சின்ன வயசிலிருந்து இந்தக் கதையை வீரக் கதையாக மட்டும் கேட்டிருக்கிறோம். பயிற்சிக் கதையாகவும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். மூன்று விஷயம் தெரியும்.

ஒன்று: அபிமன்யு தன் எல்லையை வாய் திறந்து சொன்னான். பாதி தெரிந்ததை முழுசாகத் தெரிந்த மாதிரி காட்டவில்லை. அதுதான் அவனுடைய முதல் வீரம்.

இரண்டு: அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு. இளையவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அறிந்த பிறகு, மீதிக்குப் பின்னால் நிற்பது பெரியவர்கள் கடமை. திருக்குறளில் வலியறிதல், தெரிந்துவினையாடல் என்று தனித்தனி அதிகாரங்களே இருக்கின்றன. யாரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று ஆராயாமல் கொடுப்பது தலைவனுடைய குற்றம்.

மூன்று: நுழையக் கற்பது பாதிதான். திரும்பி வரவும் கற்க வேண்டும். இன்றைய ராணுவப் பயிற்சியிலும் துப்பாக்கியைச் சுடுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது அதைப் பாதுகாப்பாகக் காலி செய்வதைத்தான். வண்டிப் பட்டறையில் ஜாக்கியை ஏற்றும் முன் கேட்கும் கேள்வி, வண்டி நழுவினால் எதில் நிற்கும் என்பது. தப்பு வந்தால் எப்படி நிறுத்துவது என்று தெரியாத வேலையை நாம் தொடங்கக்கூடாது.

6. கோயிலுக்குள்ளும் படிகள் உண்டு

தகுதி வந்த பிறகுதான் அதிகாரம் என்பது நம் சமயத்துக்குப் புதுசு இல்லை. குருக்கள் வீட்டில் பிறந்த பையன் சின்ன வயசிலேயே மந்திரம் மனப்பாடமாகச் சொல்வான். அதற்காக அவன் நேரே மூலஸ்தானத்துக்குள் போய்ப் பூசை செய்துவிட முடியாது. சைவ ஆகம முறையில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று படிகள் இருக்கின்றன. ஆசாரிய அபிஷேகம் ஆன பிறகுதான் பிறருக்காகக் கோயிலில் பூசை செய்யும் உரிமை. அதுவரைக்கும் அவன் என்ன செய்கிறான்? தண்ணீர் எடுத்து வைக்கிறான், பூ எடுத்துக் கொடுக்கிறான், தீபத்தட்டு துடைக்கிறான், அப்பா கையைப் பார்க்கிறான். அந்தப் பார்வைதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறியில் முதலில் வைத்திருப்பது சரியை. கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூமாலை கட்டுவது. இதைச் சின்ன வேலை என்று யாராவது சொன்னால் அப்பர் சுவாமிகளைக் காட்டுங்கள். ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர் அவர். அவர் கையில் இருந்த கருவிக்குப் பேர் உழவாரப்படை. படை என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்வெட்டி மாதிரி ஒரு கருவியையும் தமிழ் ‘படை’ என்றே அழைத்திருக்கிறது.

முகாமில் தொழில் கற்காத புதியவர்களுக்கு வரும் வேலை எது? ஸ்டோர் கூட்டுவது, வண்டி கழுவுவது, பொருள் எண்ணிப் பட்டியல் எழுதுவது, கூடாரம் அடிப்பது, இரவில் முறை வைத்துக் காவல் நிற்பது. சரியைதான். எண்ணி எண்ணியே எந்தக் கருவி எதற்கு என்று தெரிந்துவிடும். வண்டி கழுவும்போதுதான் எண்ணெய் எங்கே கசிகிறது என்று கண்ணில் படும்.

7. நமக்கு ஊரில் வரும் சோதனைகள்

முதல் சோதனை, சோர்வு. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் சீருடை அணியும் ஒரு தொண்டர் அமைப்பில் சேர்ந்தார். லாரி ஓட்ட வேண்டும், பெரிய வண்டிகளைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஆசை. நாலு மாதத்தில் விலகிவிட்டார். “புல்லு வெட்டுறதுக்கும் செருப்பு தொடைக்கிறதுக்கும் நான் எதுக்குமா அங்க போகணும்? அதை எங்க தோட்டத்துலயே செய்வேனே,” என்றார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. நம் தாத்தா பாட்டி தலைமுறை பரம்பரையாகப் பிறர் புல்லைத்தான் வெட்டினார்கள். இன்னொரு இடத்திலும் அதுவே முதல் வேலை என்றால் மனசு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர் விலகிய மூன்றாம் மாதம் அவருடன் சேர்ந்தவர்களுக்கு வண்டிப் பாடத்துக்கு அழைப்பு வந்தது. நம் பிள்ளைகள் ராணுவத்தில் குறைவு என்று நாமே பேசுகிறோம். சேர்கிறவர்களும் இந்த இடைவெளியில்தான் நழுவுகிறார்கள் என்றால், இந்த இடைவெளியைத் தாங்கக் கற்றுக் கொடுப்பதும் நம் இளைஞர் பிரிவின் வேலைதான்.

இரண்டாவது சோதனை, புகழ். திருவிழா நெருங்கும்போது எங்கள் பக்கத்துக் கோயில் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். “ஏம்மா, இந்தத் தடவை ரதம் வரும்போது நீ அந்த ராணுவ உடுப்பைப் போட்டுக்கிட்டு முன்னால நில்லு. உன்னைப் பார்த்தா பயலுவ கொஞ்சம் ஒழுங்கா இருப்பானுங்க,” என்றார். அன்பாகத்தான் கேட்டார். அம்மாவுக்கும் உள்ளுக்குள் ஆசை. நான் சொன்னேன்: “ஐயா, கண்டிப்பா வர்றேன். ஆனா அந்த உடுப்பு என்னுடையது இல்லைங்க. பயிற்சிக்குக் கொடுத்தது. அதைப் போட்டுக்கிட்டு நின்னா, கூட்டத்தை அடக்கற அதிகாரம் எனக்கு இருக்குன்னு ஜனங்க நம்புவாங்க. எனக்கு அந்தப் பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை. சேலை கட்டிக்கிட்டு வந்து தண்ணிப் பந்தல்ல நிக்கிறேன்.” அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அன்றைக்கு வெயிலில் மயங்கி விழுந்த ஒரு பாட்டியை நிழலில் படுக்க வைத்து, காற்று வர இடம் விட்டு, முதலுதவிக் குழு வரும்வரை பக்கத்தில் இருந்தேன். அது எனக்குக் கற்றுக் கொடுத்திருந்த வேலை. அதற்கு உடுப்பு தேவைப்படவில்லை.

மூன்றாவது சோதனை, அவசரம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்தில் சீருடை வைத்திருக்கிற பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் ஓடும் தண்ணீரில் மீட்புப் பயிற்சி இல்லாதவர் இறங்கினால், மீட்புப் படைக்கு மீட்க வேண்டிய ஆள் ஒன்று கூடுகிறது. சமைக்க, பொட்டலம் கட்ட, யார் வீட்டில் முதியவர் இருக்கிறார் என்று பட்டியல் எடுக்க, தற்காலிக நிவாரண மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் கை தேவைப்படும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும்தான்.

8. இந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை

அடிப்படைப் பயிற்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு, நான் கடைப்பிடிக்கும் சில விஷயங்கள்:

அ. என்ன தெரியும், என்ன தெரியாது என்று இரண்டு பட்டியல் எழுதி வையுங்கள். யாராவது வேலை கொடுத்தால், “இதை நான் இன்னும் கற்கவில்லை, காட்டிக் கொடுத்தால் உங்கள் கண்முன் செய்கிறேன்,” என்று சொல்லப் பழகுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆ. உடம்பை விடாதீர்கள். பாடத்துக்கு எப்போது அழைப்பு வரும் என்று நமக்குத் தெரியாது. வந்த பிறகு ஓடத் தொடங்கினால் காலம் போதாது. வாரத்தில் நாலு நாள் அரை மணி நேரம் ஓட்டமும் நடையும் எல்லாராலும் முடியும்.

இ. ஆவணங்களை ஒழுங்காக வையுங்கள். அடையாள அட்டை நகல், மருத்துவ அறிக்கை, முடித்த பாடங்களின் சான்று, பயிற்சிக்கு வந்த நாட்களின் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில். ஒரு தாள் குறைந்ததற்காக வாய்ப்பு கை நழுவக்கூடாது.

ஈ. தேதிகளை முன்கூட்டியே பேசுங்கள். பரீட்சை, தைப்பூசம், தீபாவளி, வீட்டுக் கல்யாணம் எல்லாம் வருடத் தொடக்கத்திலேயே தெரிந்ததுதானே? முகாம் அட்டவணையோடு மோதினால் அன்றே சொல்லுங்கள். கடைசி நாளில் சொன்னால் அது சாக்கு மாதிரித் தெரியும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் முகாமுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

உ. மூத்தவர்களின் கையைப் பாருங்கள். ஒரு சார்ஜன் ரேடியோவை எடுத்து வைப்பதைப் பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். மலாய்க்காரரோ, சீனரோ, ஈபானோ, கற்றுக் கொடுப்பவர் குருதான். அவரிடம் பணிவு நம் தர்மம்.

ஊ. சீருடைக்கும் துப்பாக்கிக்கும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். எங்கே, எப்போது அணியலாம் என்ற விதியை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எ. வெளியே இருக்கும் தொழிலையும் விடாதீர்கள். படிக்கிற பட்டறைப் பாடம், வெல்டிங், வண்டி உரிமம், முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் ஒருநாள் பாசறையில் பயன்படும். சேமப்படையின் பலமே வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரும் திறமைதான்.

9. காத்திருந்தவர்கள்

இந்தக் காத்திருப்பு நமக்கு மட்டும் வந்ததில்லை. வனவாசத்தில் பாண்டவர்கள் கோபத்தோடு துடித்துக்கொண்டிருந்தபோது அர்ஜுனன் என்ன செய்தான்? ஏற்கெனவே உலகம் புகழ்ந்த வில்லாளி அவன். ஆனாலும் வரப்போகும் போருக்கு அது போதாது என்று தெரிந்து தவத்துக்குப் போனான். சிவபெருமானிடம் பாசுபதம் பெற்றான். பிறகு இந்திரனுடைய உலகில் 5 ஆண்டு தங்கி அஸ்திர வித்தை கற்றான். அங்கேயே பாட்டும் நடனமும்கூடக் கற்றுக்கொண்டான். அஞ்ஞாதவாசத்தில் அவனைக் காப்பாற்றியது அந்த நடனம்தான். எந்தக் கல்வி எங்கே உதவும் என்று கற்கிற நாளில் தெரியாது.

1943 அக்டோபர் 22ஆம் தேதி சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நம் தமிழ்ப் பெண்கள் போனார்கள். பால்வாளி தூக்கிய கையில் துப்பாக்கி வந்தது. பயிற்சி எடுத்து பர்மா வரை போனவர்கள், அங்கே பெரும்பாலும் மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். கற்ற போரைப் போட வாய்ப்பு வராதபோது, கிடைத்த வேலையைச் சிறுமையாக நினைக்கவில்லை. பின்னாளில் அரச மலேசியக் கடற்படைக்கு 1967இல் முதல் மலேசியத் தளபதியாக வந்தவரும் ஒரு தமிழர்தான், கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31. அவரும் ஒரு பயிற்சி மாணவராகத் தொடங்கியவர்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, யாராவது உங்களைப் பார்த்து, “இன்னும் டிரெயினிங்தானா? அப்ப நீ முழு சோல்ஜர் இல்லையா?” என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லுங்கள்: “இல்லைங்க, கத்துக்கிட்டு இருக்கேன்.” சமயத்தில் சேர்ந்தவரும் சாதகர்தான், படையில் சேர்ந்தவரும் பயிற்சியாளர்தான். உண்மையான பேரைச் சொல்லிக்கொள்வதில் குறைவு ஒன்றும் இல்லை.

சிந்தித்துப் பேச

1. அபிமன்யுவை அனுப்பியது சரியா? அவன் சொன்னதைக் கேட்ட பிறகு தருமர் வேறு என்ன செய்திருக்கலாம்?

2. உங்கள் கோயிலிலோ இளைஞர் பிரிவிலோ, தகுதி வருமுன் ஒருவரிடம் பெரிய பொறுப்பைக் கொடுத்த சம்பவம் உண்டா? அதனால் யார் சிரமப்பட்டார்கள்? பேர் சொல்லாமல் பேசுங்கள்.

3. புதிதாகச் சேர்ந்த ஒருவர் சின்ன வேலைகளால் சோர்ந்து விலக நினைக்கிறார். அவரிடம் என்ன சொல்வீர்கள்? அவருக்கு வேலை கொடுக்கும் மூத்தவரிடம் என்ன சொல்வீர்கள்?

4. “தெரியும்”, “தொடலாம்” என்ற இரண்டு தலைப்பில் உங்கள் படிப்புக்கோ வேலைக்கோ ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.